சுருட்டையும் இருளரும்

சுருட்டை விரியன் சின்னப் பாம்பு. ஒன்றரை அடிக்கு மேல் வளர்வது அரிது. வறண்ட பொட்டலிலும் பாறைச் சரிவிலும் பகலெல்லாம் கல்லுக்கடியில் சுருண்டு கிடக்கும். மண்ணின் நிறமே அதன் நிறம் என்பதால், மிதிக்கும் வரை கண்ணில் படாது. சீண்டினால் உடலை மடித்து மடித்துத் தேய்க்கும். ரம்பப் பல் போன்ற செதில்கள் உரசிச் சரசரக்கும்.

குன்றத்தூர், தாம்பரம் தொடங்கிச் செங்கல்பட்டு வரை பரந்த குன்றுகளும் முள்காடுகளும் இருளர் பழங்குடியினர் தலைமுறைகளாகப் பாம்பு தேடிய நிலம். பிடிப்பது நொடி வேலை, தேடுவதுதான் தொழில். புழுதியில் விழுந்த தடம், உரித்த சட்டை, காய்ந்த எச்சம், வழவழப்பேறிய வளை வாய் எல்லாம் அவர்களுக்குச் சேதி சொல்லும். வளை வாயில் சிலந்தி வலை அறுபடாமல் இருந்தால் அங்கே நிற்பதே வீண். கருவியும் அதிகமில்லை: தோண்ட ஒரு கடப்பாரை, போட்டுக் கட்ட ஒரு துணிப்பை. கல்லைத் தம் பக்கமாகத் தூக்கினால் அந்தக் கல்லே காலுக்கு மறைப்பு. சுருட்டையைக் குச்சியால் ஏந்திப் பைக்குள் விடலாம்.

ஒரு காலத்தில் இந்தத் திறமை பாம்புத் தோல் வியாபாரத்துக்கே போனது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1976இல் தோல் ஏற்றுமதித் தடையும் வந்தபின் பிழைப்பு முடங்கியது. தாம்பரத்தை அடுத்த சேலையூரில் தம் முதல் பாம்புப் பண்ணையை நடத்திய ரோமுலஸ் விட்டேக்கர் துணைநிற்க, 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அது இயங்குவது கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில்.

நஞ்சு எடுப்பதற்காக நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை ஆகிய நான்கையும் சங்கத்தார் வனத்துறை அனுமதிக்கும் எண்ணிக்கையில் மட்டுமே பிடிக்கலாம். பிடித்தவை மண்பானைகளில் வைக்கப்படும். சில வாரங்களில் நான்கு முறை நஞ்சு எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி, காட்டிலேயே விடுவார்கள். அடையாளமுள்ள பாம்பு உடனே மீண்டும் சிக்கினால் நஞ்சு எடுப்பதில்லை. எடுத்த நஞ்சைச் சிறுசிறு அளவில் குதிரைக்கு ஏற்றி, அதன் இரத்தத்திலிருந்து நஞ்சுமுறி மருந்து பெறப்படுகிறது. சுருட்டை ஒருமுறைக்குத் தருவது சில மில்லிகிராம்தான். ஆகவே நிறைய கல் புரட்ட வேண்டும்.

தடம் தேடும் இந்தக் கண் அயல்நாட்டிலும் உதவியது. 2017இல் இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இரண்டு வாரத்துக்குள் 13 பர்மிய மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.