கண்ணாடிப் பெட்டிக்குள் நமது தொழில்

மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 13 கிலோமீட்டர் தொலைவில், சிவகங்கை மாவட்டம் திருப்புவனம் வட்டத்தில், கீழடி என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே 2023-ஆம் ஆண்டு மார்ச் 5-ஆம் நாள் திறந்துவைக்கப்பெற்ற அருங்காட்சியகத்தைப் பற்றி நமது சங்க அங்கத்தினர் பலரும் கேள்வியுற்றிருப்பர். சிறுமலை அடிவாரத்திலிருந்து காலையிற் புறப்பட்டால் மாலைக்குள் கண்டு திரும்பலாம். நெசவாளரும் விவசாயிகளும் பிறரினும் முந்திச் சென்று காணவேண்டிய இடம் அது என்பது நமது அபிப்பிராயம். அங்கே முதன்மை பெறுவன அரசரின் முடியும் வாளும் அல்ல. நூல் நூற்றவரும், மாடு மேய்த்தவரும், பானை வனைந்தவரும் கையாண்ட பொருள்களே.

தென்னந்தோப்புகளின் கீழே புதைந்து கிடந்த ஊர் இது. மத்தியத் தொல்லியல் துறையினர் 2014-15-இல் அகழத் தொடங்கினர். தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் 2017-18 முதல் அப்பணியைத் தொடர்ந்தனர். கிடைத்தவற்றை வைக்கச் செட்டிநாட்டு வீடுகளின் பாணியில், சுமார் 2 ஏக்கர் பரப்பில், கட்டடங்கள் எழுப்பப்பட்டன. சுடுமண் வளையங்களை ஒன்றன்மேலொன்றாக அடுக்கிய உறைகிணறுகள் இவ்வகழாய்வில் வெளிப்பட்டன. ஆய்ந்து பார்த்த எலும்புகளிற் பாதிக்கு மேல் காளை, பசு, எருமை, ஆடு ஆகியவற்றினுடையவை. கிணறும் கால்நடையும் இருந்தால் வேளாண்மை இருந்ததா என்று நம்மவரிடம் கேட்கவும் வேண்டுமோ?

நெசவாளர் நெடுநேரம் நிற்குமிடம் வேறு. தக்களியில் கோக்கும் சுடுமண் வட்டுகள், நூலில் தொங்கவிடும் குண்டுகள், துணியில் உருவங்கள் அமைக்கப் பயன்பட்டவை என ஆய்வாளர் கருதும் கூர்முனை எலும்புக் கருவிகள், செப்பூசி ஆகியன கீழடியில் கிடைத்துள்ளன. நம்முடன் வந்திருந்த சின்னாளபட்டி மூதாட்டி ஒருவர் வட்டுகளைச் சற்று நேரம் உற்று நோக்கினார். "ஐயா, இதிலே பெரிசும் சின்னதும் இருக்கே, சும்மா இல்லே. கனத்த வட்டுன்னா நூல் தடிப்பா வரும்; மெல்லிசு நூலுக்கு லேசான வட்டுதான் வேணும். பள்ளிக்கூடத்திலே தக்களி சுத்தினப்போ எங்க விரலுக்கே தெரியும்" என்றார். அருகில் நின்ற கல்லூரி மாணவர் இருவர் அதனைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டனர். எந்த அறிவிப்புச் சீட்டிலும் அடங்காத செய்தி அது. கையால் நூற்றவருக்கே தெரிவது.

பதிவேடுகளுடனே காலங்கழிக்கும் நமது கண்ணுக்குப் பட்டது இன்னொன்று. 353 சென்டிமீட்டர் ஆழத்திற் கிடைத்த கரித்துண்டு ஒன்று அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்பட்டு, கி.மு. 580-ஐச் சேர்ந்தது எனக் கணிக்கப்பட்டது. 200 சென்டிமீட்டர் ஆழத்திற் கிடைத்த மற்றொன்று கி.மு. 205-ஐச் சேர்ந்தது. எந்தக் குழி, எவ்வளவு ஆழம் என்று அன்றே எழுதி வைத்திராவிட்டால் அந்தக் கரி அடுப்புக் கரிக்குச் சமானமே. சரக்கிருப்புப் புத்தகத்தில் வரவு வைக்காத நூற்கட்டைச் சங்கத்தின் உடைமை என்று மெய்ப்பிக்க நாம் எவ்வளவு பாடுபடுகிறோம்!

அவ்வூரார் தம் பானையில் பெயர் பொறித்து வைத்தனர். 'குவிரன்', 'ஆதன்' எனத் தமிழி எழுத்தில் கீறிய ஓடுகள் கிடைத்துள்ளன. இதனைக் கண்டபின் நமது நினைவு சொந்த ஊரை நோக்கித் திரும்பியது.

திண்டுக்கல் வட்டாரத்தில் பம்புசெட்டு வந்தபின் கமலைகள் ஓய்ந்தன. காளைகள் சரிவில் இறங்க, வடம் இழுபட்டு, சால் நிறைந்து மேலேறும் காட்சியை இளைஞர் கண்டதில்லை. இரும்புச் சால் பழைய இரும்புக்காரருக்குப் போயிற்று. கமலை மரம் அடுப்புக்குப் போயிற்று. குழித்தறியின் படைமரமும் மிதிகட்டையும் அவ்வழியே போய்க்கொண்டிருக்கின்றன. சிறுமலையின் தோட்டங்களிலிருந்து வாழைத்தாரும் எலுமிச்சையும் குதிரை முதுகில் இறங்கி வந்தன. பொதி ஏற்றும் சேணத்தைச் செய்யத் தெரிந்தவர் இனி எத்தனை பேர் இருப்பர்? இப்பொருள்களை ஈராயிரம் ஆண்டு கழித்து எவரேனும் தோண்டி எடுக்கட்டும் என விட்டுவிடுவது புத்திசாலித்தனமாகத் தோன்றவில்லை.

வாழும் தொழிலின் கருவிகளைக் காப்பது புதுமையன்று. சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோமில் 1891-இலேயே குடியானவர் வீடுகளைப் பெயர்த்துக் கொணர்ந்து 'ஸ்கான்சென்' என்னும் திறந்தவெளிக் காட்சிச்சாலையை அமைத்தனர். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ராவில் நெசவாளர் வீட்டையும் உழவர் வீட்டையும் காணலாம். நமது சங்கங்களுக்கு அத்துணைப் பெரிய முயற்சி தேவையில்லை. அலுவலகத்தில் ஓர் அலமாரியும், கோடிட்ட ஒரு பதிவேடும் போதும். பொருளின் பெயர், கொடுத்தவர், செய்தவர், எந்த ஆண்டுவரை புழங்கியது, எவ்விதம் கையாள்வது என ஐந்து கலங்கள். கடைசிக் கலம் அகலமாக இருக்கட்டும். அதனை நிரப்ப வேண்டியவர் குமாஸ்தா அல்லர். அக்கருவியைப் பிடித்த முதியவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள வேண்டும். செலவை நிர்வாகக் குழுவே அனுமதிக்கலாம்; அன்றேல் அடுத்த மகாசபையில் வைக்கலாம்.

ஒரு குறிப்பு: பாவு நூல் புகுந்து வரும் பல்வரிசைச் சட்டத்தைச் சிலர் பண்ணை என்பர், சிலர் அச்சு என்பர். எது சரி என்று வழக்காட வேண்டா. இரண்டையும் எழுதி, எந்தத் தெருவார் எதைச் சொல்கிறார் என்பதையும் சேர்த்து எழுதுக.