நீரடிப் புகைப்படக் கருவியைத் தேர்ந்துகொள்ளும் முறை

நிலத்தின்மேற் காணும் காட்சிகளைப் படமெடுத்து மகிழ்வோர் பலர். கடலினடியிலுள்ள பவளப் பாறைகளையும் மீனினங்களையும் படமெடுத்தல் அத்துணை எளிதன்று. 1893-ம் ஆண்டில், பிரான்சு தேசத்தின் தென்கரையிலுள்ள பான்யூல் என்னுமூரில், லூயி பூத்தான் என்னும் உயிர்நூலறிஞர், தம் சகோதரர் அமைத்துக் கொடுத்த நீர்புகாப் பெட்டியிற் காமிராவை வைத்துக் கடலுட் சென்று படமெடுத்தார். வெளிச்சம் போதாமையால் ஒரு படத்திற்குச் சிலவேளை அரைமணி நேரமுஞ் சென்றது. அவர் பின்னர்க் கையாண்ட விளக்கோ பெரிய பீப்பாயொன்றின்மேற் பொருத்தப்பட்டிருந்தது. இக்காலத்துக் கருவிகள் ஒரு பையில் அடங்குவன. ஆயினும் அவர்க்கு நேர்ந்த இடையூறுகள் இன்றும் உள்ளன. அவற்றை அறிந்தோரே தமக்கேற்ற கருவியைத் தெரிந்துகொள்ள வல்லார்.

முதலாவது, ஒளியின் குறைவு. சூரிய ஒளியிலுள்ள பல நிறங்களுட் செந்நிறமே நீரில் முதலில் மறைகின்றது. சில மீட்டர் ஆழத்திலேயே சிவந்த மீன் மங்கித் தோன்றும். மேலும் ஆழத்திற் செல்லச் செல்ல யாவும் நீலமயமாகும். இரண்டாவது, ஒளியின் வளைவு. நீரினின்று தட்டையான கண்ணாடி வழியே வரும் கிரணங்கள் வளைதலால், பொருள்கள் உண்மைத் தூரத்தின் முக்காற்பங்கில் உள்ளனபோல் தோன்றும். காட்சியின் பரப்பும் சுருங்கும். மூன்றாவது, நீரின் அழுத்தம். பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுதலின், முப்பது மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நீர்மட்டத்திலுள்ளதைப்போல் நான்கு மடங்காகும்.

இவை மூன்றையும் வெல்லும் வழி யாது? பொருளை நெருங்குதலே தலையாய வழி. இடையிலுள்ள நீர் குறையக் குறையப் படம் தெளிவுறும். ஆதலின் தொலைவிலுள்ளதைப் பெரிதாக்கும் லென்ஸ் நீரடியிற் பெரும்பாலும் பயன்படாது. பவளப் பாறை போன்ற பெரிய காட்சிக்கு அகன்ற பார்வையுடைய லென்ஸும், அதன் முன்னே குவிந்த கண்ணாடியும் வேண்டும். சிறு பிராணிகளைப் படமெடுக்கத் தட்டைக் கண்ணாடியே போதும். மறைந்த நிறங்களை மீட்கத் தனி விளக்கு இன்றியமையாதது. அதனைக் காமிராவை ஒட்டி வையாது, நீண்ட கையிற் பொருத்திப் பக்கவாட்டில் நிறுத்துக. இன்றேல் நீரில் மிதக்கும் துகள்கள் ஒளிபட்டுப் பனித்துளிகள்போற் படத்தைக் கெடுக்கும்.

நீர்மட்டத்தை ஒட்டி நீந்துவோர்க்குப் பெட்டியே வேண்டாத சிறு நீர்புகாக் காமிரா சாலும். ஆழத்தில் மூழ்குவோர்க்குச் சிறு காமிராவும், அதற்கென அமைந்த பிளாஸ்டிக் பெட்டியும், ஒரு விளக்கும் நடுத்தரமான தேர்வு. லென்ஸ் மாற்றத்தக்க பெருங்காமிராவும் அலுமினியப் பெட்டியும் சிறந்த படந்தரும். ஆனால் அவற்றின் விலையும் சுமையும் மிகுதி. பிரயாணி தன் தோளாற் சுமக்கத்தக்கதையே வாங்குக.

பிரயாணத்தில் நினைவிற் கொள்ள வேண்டியன சில. உதிரி லிதியம் பாட்டரிகளை ஆகாய விமானத்திற் கைப்பெட்டியிலேயே கொண்டுசெல்லல் வேண்டும். காமிராப் பெட்டியின் மூடியிலுள்ள ரப்பர் வளையமே நீரைத் தடுக்கும் காவலன். அதன்மீது ஒரு தலைமயிர், ஒரு மணற்றுகள் கிடப்பினும் நீர் உட்புகுந்து காமிரா முழுவதும் பாழாகும். ஆகவே ஒவ்வொரு முறையும் அதனைத் துடைத்து, உரிய நெய்ப்பசையைச் சிறிதளவே பூசுதல் நன்று. ஊர் சேர்ந்ததும் முதலில் வெறும் பெட்டியை நீரிலமிழ்த்திச் சோதிக்க. கடலினின்று மீண்டதும், திறக்குமுன் நன்னீரில் ஊறவைக்க. உப்பு உறைந்து தங்காது.

இறுதியாக ஒன்று. நீரில் அசையாது மிதக்கக் கல்லாதவன் கையில் எத்துணை உயர்ந்த கருவியும் வீணே. அவன் தடுமாறிப் பற்றும் பவளக் கிளை, ஆண்டிற்குச் சில சென்டிமீட்டரே வளர்ந்தது; கணத்தில் ஒடியும். முதலில் நீந்தவும் மிதக்கவும் பயில்க. பின்னரே கருவியை வாங்குக. படம் ஒன்று தவறினும் மற்றொன்று எடுக்கலாம். ஒடிந்த பவளம் மீள வளர்வதற்கோ பல்லாண்டுகள் செல்லுமன்றோ?