துவரைக்குப் பக்கத்தில் ஒரு சந்தனம்

ஆனி பிறந்தால் இலுப்பைப் பழம் உதிரும். ராத்திரி வௌவால் தின்று போட்ட கொட்டைகள் காலையில் பழைய சிவன் கோயில் மதிலோரத்திலும் ஏரிக்கரையிலும் சிதறிக் கிடக்கும். கோயில் விளக்குக்கு எண்ணெய் ஆட்டுவதற்காக ஒரு காலத்தில் போட்டி போட்டுப் பொறுக்கிய கொட்டை. இன்று குப்பையோடு கூட்டி அள்ளப்படுகிறது. அதற்கு உயிர் இரண்டு மூன்று வாரம்தான். அதற்குள் ஈரமண் கிடைத்தால் முளைக்கும். கிடைக்காவிட்டால் உள்ளே பருப்பு செத்துப்போகும். மழை நன்றாகப் பிடிக்கட்டும், புரட்டாசியில் போடலாம் என்று டப்பாவில் அடைத்து வைத்தால் ஒன்றும் வராது.

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் அரிய மரங்களை விதை போட்டே வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் பெருகி வருகிறார்கள். நாகலிங்கம், அசோகம், சந்தனம், செஞ்சந்தனம் என்று விதைப் பொட்டலங்கள் கூரியரில் வருகின்றன. போட்டது முளைக்காதபோது, ‘நம்ம ஊரு வெயிலுக்கு இதெல்லாம் வராதுங்க’ என்றோ, ‘எனக்குக் கைராசி இல்லைங்க’ என்றோ சொல்லி விட்டுவிடுகிறார்கள். வெயில் மேலும் கை மேலும் பழி போட வேண்டியதில்லை. பொட்டலத்தைப் பிரிக்கும்போதே விதை செத்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அரிய மரம் வளர்க்க விரும்புகிறவர் முதலில் தாய்மரத்தைத் தேடிப் போக வேண்டும். அது எந்த மாதம் காய்க்கிறது, எப்போது உதிர்க்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

விதைகளுக்குள் இருக்கும் இந்த வேறுபாட்டை இங்கிலாந்து விதையியல் அறிஞர் ஈ. எச். ராபர்ட்ஸ் 1973இல் வகைப்படுத்திக் காட்டினார். நெல், ராகி, துவரை, சரக்கொன்றை போன்றவை காயத் தாங்கும் விதைகள். ஈரம் வற்றிய பிறகும் உயிரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குளிரில் வைத்தால் பல ஆண்டுகள் இருக்கும். மா, பலா, தென்னை, இலுப்பை, அசோகம் போன்றவை காயத் தாங்காதவை. மரத்திலிருந்து விழும்போதே அவை உள்ளுக்குள் முளைக்கத் தயாராக இருக்கின்றன. ஈரம் வற்றினால் சாவு. ஃபிரிட்ஜில் வைத்தாலும் பெரும்பாலும் சாவுதான். நார்வே நாட்டின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் 2008இல் உலக விதைப் பெட்டகம் திறந்தார்கள். மைனஸ் 18 டிகிரி குளிரில் உலகத்துப் பயிர் விதைகளையெல்லாம் காக்கும் அந்த இடத்தில் மாங்கொட்டையையும் பலாக்கொட்டையையும் வைக்க முடியாது. வெப்பமண்டலக் காட்டு மரங்களில் கணிசமானவை இந்த இரண்டாவது வகை. அவற்றைக் காக்க மரமாக நிறுத்துவதுதான் எளிய வழி என்பதால், ஒரு வீட்டுக்காரர் போடும் நான்கு கொட்டைக்கும் பெரிய அர்த்தம் இருக்கிறது.

எதிர்ப் பக்கத்தின் எல்லையில் நிற்பது தாமரை. சீனாவின் லியாவ்னிங் பகுதியில் ஒரு பழைய ஏரிப்படுகையிலிருந்து எடுத்த, ஏறத்தாழ 1,300 ஆண்டு வயதுள்ள தாமரை விதை முளைத்ததை ஜேன் ஷென்-மில்லரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1995இல் வெளியிட்டார்கள். அதன் ஓடு அவ்வளவு கெட்டி. வீட்டில் தாமரை விதையை உப்புத்தாளில் தேய்த்து, உள்ளே வெளிர்ப் பருப்பு தெரிந்ததும் நிறுத்தி, தண்ணீரில் போட்டுத் தினமும் தண்ணீரை மாற்றினால் ஒரு வாரத்துக்குள் பச்சை முளை எட்டிப் பார்க்கும். தேய்க்காமல் போட்டால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். குழந்தைகளைக் கையால் செய்ய வைக்க இதைவிட நல்ல விதை எனக்குத் தெரியவில்லை.

நாகலிங்கம் தென்னமெரிக்காவிலிருந்து வந்து நம் சிவன் கோயில்களில் குடியேறிவிட்ட மரம். பீரங்கிக் குண்டு போன்ற அதன் காய் முற்ற ஓர் ஆண்டுக்கு மேலும் ஆகும். தானாக விழுந்து உடைந்த காயின் சதை நாறும். நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு பிசைந்து கழுவினால் மயிர் போர்த்திய சின்ன விதைகள் ஏராளமாகக் கிடைக்கும். அன்றைக்கே மணலில் தூவிவிட வேண்டும். செஞ்சந்தனத்தின் வட்டமான இறக்கைக் காய்க்கு வேறு வைத்தியம்: ஓரத்து இறக்கையை வெட்டிவிட்டு, நடுவில் உள்ள கெட்டிப் பகுதியைச் சாணிக்கரைசலில் மூன்று நாள் ஊறப்போடுவது நாற்றங்கால்காரர்கள் வழக்கமாகச் செய்வது. அசோகம் வாங்கும்போது மட்டும் கவனம் வேண்டும். தெருவோரம் ஊசியாக நிற்கும் நெட்டிலிங்கத்தையே அசோகம் என்று விற்பார்கள். உண்மையான அசோகம் ஆரஞ்சுச் சிவப்பில் கொத்துக் கொத்தாகப் பூக்கும், பட்டையான பெரிய காய் காய்க்கும்.

முளைத்த பிறகுதான் நம் ஊர்ச் சிக்கல்கள் வருகின்றன. சுண்ணாம்புக் கரட்டில் மேக்னசைட் வெட்டி எடுக்கும் ஊர் சேலம். பல இடங்களில் போர்வெல் தண்ணீர் உப்பும் கடினமும் ஏறியது. அதை ஊற்றினால் மண் மேல் வெள்ளை பூக்கும். நாற்றின் இளந்தழை நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் மாறும். இரும்பு கிடைக்காத அறிகுறி அது. ஆவணி, புரட்டாசியில் கொட்டும் மழைத் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து நாற்றுக்கென்றே ஒதுக்கிவிடுவது நல்லது. நாமக்கல் பக்கம் தாராளமாகக் கிடைக்கும் கோழி எருவை நாற்றுப் பையில் நேரடியாகப் போடக் கூடாது. பச்சைக் கோழி எருவின் அம்மோனியா வேரைச் சுட்டுவிடும். பல மாதம் மக்கவைத்து, அதுவும் பெரிய கன்றுகளுக்கு மட்டும் போடலாம். நாற்றுக்குச் செம்மண், ஆற்று மணல், நன்றாக மக்கிய தொழு உரம் போதும். தேங்காய் நார்க்கழிவு சேர்ப்பதானால் உப்பு போகுமளவு நன்றாக அலசிய பிறகே சேர்க்க வேண்டும்.

இன்னொரு பகை நாற்றழுகல். நேற்று நிமிர்ந்து நின்ற முளை இன்று தண்டு தரைமட்டத்தில் கறுத்துச் சாய்ந்திருக்கும். நாற்று வாடுகிறதே என்று பதறி மேலும் தண்ணீர் ஊற்றுவதுதான் அதற்குத் தீனி. டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சை கலந்த தொழு உரமும், காலையில் ஒரே ஒரு தண்ணீரும், காற்றோட்டமும் போதும். சேலத்துக்குச் சந்தியூரிலும் நாமக்கல்லுக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்திலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. சந்தேகத்தை அங்கே கேட்கலாம். கோடையில் 40 டிகிரியைத் தொடும் மொட்டைமாடியில் நிழல்வலை இல்லாமல் எந்த நாற்றும் தப்பாது.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு மனசுக்கு நெருக்கமானது சந்தனம். சேர்வராயன், சித்தேரி, ஜவ்வாது மலைகளின் மரம். சந்தனம் வேறு செடியின் வேரைப் பற்றிக்கொண்டு வாழ்கிறது என்பதை ஜான் ஸ்காட் என்ற தாவரவியலாளர் 1871இல் கண்டு சொன்னார். தன் இலையில் தானே உணவு சமைத்துக்கொள்ளும். ஆனால் தண்ணீரிலும் சத்திலும் ஒரு பங்கை, பக்கத்துச் செடியின் வேரில் சின்னச் சின்ன உறிஞ்சு உறுப்புகளைப் பதித்து வாங்கிக்கொள்ளும். தொட்டியில் தனியாக வைத்த சந்தனக் கன்று கொஞ்ச காலம் நன்றாக இருப்பதுபோல் இருந்து, பிறகு வெளுத்து நின்றுவிடுவது இதனால்தான்.

மரம் ஆண்டுக்கு இரு முறை காய்க்கும். புரட்டாசி, ஐப்பசி வாக்கில் ஒரு தரம், பங்குனியை ஒட்டி ஒரு தரம். கருநீலமாகப் பழுத்த பழத்தைச் சதை போகக் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். புது விதை உடனே முளைக்காது. ஏறத்தாழ இரண்டு மாதம் உறங்கும். அவசரப்படுகிறவர்கள் லிட்டருக்கு அரை கிராம் ஜிப்ரலிக் அமிலம் கரைத்த தண்ணீரில் ஓர் இரவு ஊறவைக்கிறார்கள். மணலும் செம்மண்ணும் கலந்த பாத்தியில் போட்டால் ஒரு மாதத்துக்குப் பிறகு ஒன்றிரண்டாகத் தலைகாட்டி, மூன்றாம் மாதம் வரை வந்துகொண்டே இருக்கும். ஆகவே பாத்தியைச் சீக்கிரம் கலைத்துவிடக் கூடாது. நாலைந்து இலை விட்டதும் பைக்கு மாற்றி, அதே பையில் இரண்டு துவரையைப் போட வேண்டும். துவரைதான் முதல் துணைச்செடி. அது சந்தனத்தை மறைத்து வளராமல் அடிக்கடி நுனியைக் கிள்ளிவிட வேண்டும். பொன்னாங்கண்ணியும் இந்த வேலைக்கு ஆகும். நிலத்தில் வைக்கும்போது நெடுநாள் துணைக்குச் சவுக்கோ புங்கனோ பக்கத்தில் இருக்க வேண்டும். ஆரோக்கியமான நாற்று ஓரடி உயரம் வர ஆறேழு மாதம் ஆகும்.

சந்தனம் வைத்தால் வம்பு என்ற பயம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. 2002இல் தமிழ்நாடு அரசு விதியைத் தளர்த்திய பிறகு, சொந்த நிலத்தில் வளர்க்கும் சந்தனம் வளர்ப்பவருக்கே உரியது. வெட்டவும் விற்கவும் வனத்துறை அனுமதி தேவை, வளர்க்கத் தடையில்லை. கோவையில் உள்ள வன மரபியல், மரப்பெருக்கு நிறுவனத்திலும் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியிலும் விதை, கன்று பற்றி விசாரிக்கலாம்.

மலைமேல் ஏறினால் வேறு உலகம். ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் பூங்கா 1963இல் தொடங்கியது. ஆர்க்கிட் காய் ஒன்றில் லட்சக்கணக்கில் விதை இருக்கும், ஒவ்வொன்றும் தூசு. முளைக்குத் தின்ன உள்ளே சேமிப்பு எதுவும் கிடையாது. இயற்கையில் ஒரு பூஞ்சை உள்ளே புகுந்து ஊட்டினால்தான் முளைக்கும் என்பதைப் பிரான்சின் நோயல் பெர்னார் 1899இல் கண்டார். பூஞ்சைக்குப் பதில் சர்க்கரையும் தாது உப்புகளும் சேர்த்த அகர் கூழிலேயே முளைக்க வைக்கலாம் என்று அமெரிக்காவின் லூயிஸ் நட்சன் 1922இல் காட்டினார். இன்று வீட்டிலேயே முயல்கிறவர்களுக்கு அடுப்படி பிரஷர் குக்கர்தான் ஆய்வுக்கூடம்: 15 பவுண்டு அழுத்தத்தில் 20 நிமிடம் வைத்தால் பாட்டிலும் அகரும் கிருமி நீங்கிவிடும். காய் வெடிப்பதற்கு முன்பே பறித்து, வெளித்தோலைச் சுத்தம் செய்து, காற்றசையாத பெட்டிக்குள் வைத்துப் பிளந்து தூவ வேண்டும். பூப் பார்க்க நான்கைந்து ஆண்டுகூட ஆகலாம். சமவெளியில் தொடங்க ஏற்றது வாண்டா டெசெல்லாட்டா. பழைய மாமரங்களில் ஒட்டி, நம் வறட்சியையும் தாங்கி நிற்கும் நாட்டு ஆர்க்கிட் அது.

ஒரு விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. சேர்வராயன் மலைக்கு மட்டுமே உரிய வெர்னோனியா சேர்வராயென்சிஸ் போன்றவற்றையும், கொல்லிமலைச் சோலைகளின் மூலிகைகளையும் ஆசைக்குப் பிடுங்கி வருவது வளர்ப்பு ஆகாது. காப்புக்காட்டில் விதை பொறுக்குவதும் வனச் சட்டப்படி குற்றம். பூச்சி தின்னும் நெப்பந்தஸ் குடுவைச்செடி, லேடி ஸ்லிப்பர் ஆர்க்கிட் ஆகியவற்றை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பின்னர் சேர்த்துவிட்டார்கள். உரிமம் இல்லாமல் அவற்றை வளர்ப்பதும் விற்பதும் தவறு. விற்பனையாளர் அதைச் சொல்ல மாட்டார். கோயில், பள்ளி, பழைய அரசு அலுவலக வளாகம், சாலையோரம் ஆகிய இடங்களில் நிற்கும் மரங்களே நமக்குப் போதும். அங்கேயும் காவலாளியிடமோ குருக்களிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பொறுக்கினால், அடுத்த ஆண்டு பழம் விழுந்ததும் அவர்களே கூப்பிட்டுச் சொல்வார்கள்.

கன்று வளர்ந்தபின் இடம் ஒரு பிரச்சினை. இரண்டு சென்ட் மனையில் நாகலிங்கமும் இலுப்பையும் நிற்காது. அசோகம் நிற்கும், சந்தனம் நிற்கும். மிச்சத்தைப் பள்ளிக்கோ ஏரிக்கரைக்கோ கொடுக்க வேண்டும். ஆடி கடைசியில் முதல் மழை விழுந்த பிறகு நட்டால் ஐப்பசி வரை வேர் இறங்க நேரம் கிடைக்கும். பையிலேயே இரண்டு ஆண்டு கிடந்து ஆணிவேர் சுருண்டுபோன கன்றைவிட, ஓரடி உயரத்தில் வேர் நேராக இருக்கும் கன்று முந்தும். அடுத்த மூன்று கோடைக்கு வாரம் ஒரு குடம் ஊற்றப் போவது யார் என்று, தலைமையாசிரியரோடும் பஞ்சாயத்துத் தலைவரோடும் உட்கார்ந்து, ஆள் பெயரைச் சொல்லி முடிவு செய்த பிறகே குழி வெட்ட வேண்டும்.