சேந்தமங்கலத்தில் சீட்டு யாருக்கு?

2025 இறுதியில், தேர்தல் ஆண்டு பிறக்கப்போகும் வேளையில், சேந்தமங்கலம் தொகுதிக்குச் சட்டப்பேரவை உறுப்பினர் இல்லை. 2021-இல் வென்ற திமுகவின் கே.பொன்னுசாமி 2025 அக்டோபரில் காலமானார். பேரவையின் பதவிக்காலம் 2026 மே மாதத்தில் முடிகிறது. எஞ்சிய காலம் ஓராண்டுக்கும் குறைவு என்றால் இடைத்தேர்தல் கட்டாயமில்லை என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். எனவே, கொல்லிமலையை உள்ளடக்கிய இத்தொகுதி நேராகப் பொதுத்தேர்தலுக்குச் செல்கிறது.

செம்மேட்டிலும் சோளக்காட்டுச் சந்தையிலும் இப்போது என் காதில் விழும் கேள்வி ஒன்றுதான்: "இந்தத் தடவை சீட்டு யாருக்கு?" ஓட்டு யாருக்கு என்று எவரும் கேட்கவில்லை. இதில் ஆழ்ந்த அரசியல் அறிவு இருக்கிறது. போட்டியின் முதல் சுற்று வாக்குச்சாவடிக்கு வெகுமுன்பே நடந்து முடிந்துவிடுகிறது என்பதையும், அந்தச் சுற்றில் தமக்கு வாக்கு இல்லை என்பதையும் மலைமக்கள் அறிந்தே வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் இந்த முதல் சுற்றுக்கும் வாக்குப்பெட்டி உண்டு. அதிபர் வேட்பாளர் யார் என்பதை 'பிரைமரி', 'காக்கஸ்' எனப்படும் உட்கட்சித் தேர்தல்கள் மூலம், மாநிலம் மாநிலமாகச் சாதாரண வாக்காளர்களே தீர்மானிக்கிறார்கள். ஓராண்டுக்கு முன்பே கருத்துக்கணிப்புகள் ஒருவரை 'முன்னணியில் இருப்பவர்' என்று அறிவித்துவிடும். அந்தப் பட்டம் எவ்வளவு நம்பகமானது? 2003 இறுதியில் ஜனநாயகக் கட்சியில் முந்தி நின்றவர் ஹோவர்டு டீன். 2004 ஜனவரியில் அயோவா மாநிலம் அவரை மூன்றாம் இடத்துக்குத் தள்ளியது. 2007 முழுவதும் முந்தி நின்றவர் ஹிலாரி கிளிண்டன். 2008 ஜனவரி 3 அன்று அதே அயோவாவில் அவருக்கும் மூன்றாம் இடமே கிடைத்தது, முதலிடம் ஒபாமாவுக்கு. மாறாக, 2023-இல் குடியரசுக் கட்சியில் முந்தி நின்ற டிரம்ப், 2024 ஜனவரியில் அயோவாவில் பாதிக்கும் சற்றே கூடுதலான வாக்குகளைப் பெற்று, இறுதிவரை முந்தியே நின்றார். தேர்தலுக்கு முந்தைய ஆண்டின் கணிப்பு பெரும்பாலும் பெயர்ப் பரிச்சயத்தையே அளக்கிறது. நேரில் பார்த்துப் பேசிய பிறகு மனம் மாறும் வாக்காளரை அதனால் முழுமையாக அளக்க முடிவதில்லை.

இங்கே என் கவனத்தை ஈர்ப்பது அயோவாதான். 33 கோடிக்கும் அதிகமானோர் வாழும் நாட்டில் அங்கே வாழ்வோர் ஏறத்தாழ 32 லட்சம். மக்காச்சோளம் விளையும் சிறிய மாநிலம். ஆனால், நெடுங்காலம் முதலில் வாக்களித்த மாநிலம் அது என்பதால் அதிபர் பதவியை நாடுவோர் அதன் 99 மாவட்டங்களையும் சுற்றிவந்தார்கள். மக்காச்சோளத்திலிருந்து எடுக்கும் எத்தனாலுக்கு ஆதரவு தருவீர்களா என்ற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லியே ஆகவேண்டியிருந்தது. எண்ணிக்கையில் சிறியவர்களுக்கு வரிசையில் முதலிடம் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

இனி நம் மலைக்கு வருவோம். தமிழகத்தின் 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை ஏற்காடு, சேந்தமங்கலம் ஆகிய இரண்டே. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கொல்லிமலையில் வாழ்வோர் சுமார் 40,000 பேர். தொகுதியின் வாக்காளர்களோ இரண்டு லட்சத்துக்கும் மேல். அதாவது, மலையாளிப் பழங்குடியினரை முன்னிட்டு ஒதுக்கப்பட்ட தொகுதியில் வெற்றியை முடிவு செய்வது மலையடிவாரத்துச் சமவெளியின் வாக்குகள். வேட்பாளரை முடிவு செய்வது சென்னை. மலைக்கு இரண்டிலும் பெரிய பங்கில்லை.

சென்னையில் நடப்பது என்ன? விருப்ப மனு, கட்டணம், நேர்காணல், பட்டியல். 2021 மார்ச்சில் அதிமுக 8,000-க்கும் மேற்பட்ட விருப்ப மனுதாரர்களுக்கு ஒரே நாளில் நேர்காணலை நடத்தி முடித்தது. ஒருவருக்கு எத்தனை நொடி என்று வாசகரே வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம். இறுதியில் கட்சித் தலைமையின் ஒப்புதலோடு வரும் படிவம் 'ஏ', படிவம் 'பி' ஆகிய இரு தாள்களே சின்னத்தைத் தருகின்றன. அவை வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் தேர்தல் அலுவலரிடம் சேர்ந்தால் போதும். அதுவரை முந்துபவர் என்று எவரும் இல்லை. சுவரொட்டியில் பெரிதாகத் தெரிபவர் மட்டுமே உண்டு.

இத்தொகுதியே இதற்குச் சாட்சி. 2016-இல் அதிமுக சார்பில் வென்றவர் சி.சந்திரசேகரன். பதவியில் இருப்பவர் என்ற முறையில் 2021-இலும் அவரே முந்துபவராக எண்ணப்பட்டிருக்க வேண்டும். ஆனால், கட்சி வேறொருவரை நிறுத்தியது. அவர் சுயேச்சையாகக் களமிறங்கினார். கட்சி அவரை நீக்கியது. அந்தத் தேர்தலில் பொன்னுசாமியின் வெற்றி வித்தியாசம் சுமார் பத்தாயிரம் வாக்குகள்தாம். கட்சிக்குள் வாக்கெடுப்பு நடந்திருந்தால் சந்திரசேகரன் வென்றிருப்பாரா என்பது எனக்கு முக்கியமில்லை. தோற்றிருந்தாலும், தம் கட்சிக்காரர்களிடம் தோற்றோம் என்ற தெளிவு அவருக்குக் கிடைத்திருக்கும். தலைமையின் முடிவை எதிர்த்துக் கலகம் செய்யலாம். எண்ணப்பட்ட வாக்குகளை எதிர்த்து அது எளிதன்று.

பிரைமரி முறையை அப்படியே இறக்குமதி செய்வது பலன் தராது என்பதையும் சொல்ல வேண்டும். 2014 மக்களவைத் தேர்தலில் காங்கிரஸ் சில தொகுதிகளில் அதைச் சோதித்தது. வடோதராவில் உட்கட்சித் தேர்தலில் வென்றவர் நரேந்திர ராவத். அங்கே நரேந்திர மோடி போட்டியிடுகிறார் என்று அறிவிக்கப்பட்டதும் ராவத் விலகி வழிவிட, மதுசூதன் மிஸ்திரி நிறுத்தப்பட்டார். களம் கடினமானவுடன் தலைமையின் விருப்பமே மேலோங்கியது. நம் கட்சிகளின் உறுப்பினர் பட்டியல்கள் எவ்வளவு உண்மையானவை என்பது தனிக் கதை. பணம் வைத்திருப்பவர் உட்கட்சி வாக்கையும் வாங்க முயல்வார் என்ற அச்சமும் நியாயமானதே.

ஆனால், மலைக்கு வேண்டியது அவ்வளவு பெரிய ஏற்பாடு அன்று. மிளகுக்கும் காப்பிக்கும் கிடைக்கும் விலை, நிலப் பட்டா, மேல்சிகிச்சை தேவைப்படும் கர்ப்பிணியை 70 கொண்டை ஊசி வளைவுகள் வழியே கீழே இறக்கும் துயரம் ஆகியவை பற்றி, சீட்டுக் கேட்பவர் சீட்டுக் கிடைப்பதற்கு முன்பே பதில் சொல்ல வேண்டும். கிடைத்த பிறகு அவருக்கு நேரம் இருப்பதில்லை. 2021-இல் திமுக பட்டியல் வெளியானது மார்ச் 12-இல்; வாக்குப்பதிவு ஏப்ரல் 6-இல். அந்த 25 நாள்களில் பெரும்பகுதி, வாக்குகள் மிகுந்த சமவெளியில்தான் கழியும்.

சேந்தமங்கலத்துக்கு விருப்ப மனு அளிப்போரின் நேர்காணலை மட்டுமாவது ஒவ்வொரு கட்சியும் செம்மேட்டில், மலையின் கிளைக் கழக உறுப்பினர்கள் முன்னிலையில் நடத்தலாம். கேள்விகளை அவர்களே கேட்கட்டும். தலைமை உடனிருந்து குறிப்பெடுத்துக்கொள்ளட்டும். இதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை, தேர்தல் ஆணையத்தின் அனுமதியும் தேவையில்லை. விருப்ப மனு வாங்கும் அறிவிப்பிலேயே நாளையும் இடத்தையும் சேர்த்துவிடலாம்.