புட்டிக்குள் என்ன?

பாரிஸ் நகரத்து ஆலைத் தொழிலாளி ஒருவன், 2023க்கு முந்திய ஏதோ ஒரு மாலையில், வேலை முடிந்து கடைக்குள் நுழைகிறான் என்று வைத்துக்கொள்வோம். பிஸ்கட் பொட்டலத்தை எடுக்கிறான். என்ன மாவு, என்ன எண்ணெய், என்ன சாயம், அத்தனையும் பொட்டலத்தின் முதுகில் அச்சாகியிருக்கிறது. டப்பாவில் அடைத்த மீனை எடுக்கிறான், அதிலும் அப்படியே. அடுத்து ஒயின் புட்டியை எடுக்கிறான். ஊர்ப் பெயர் இருக்கிறது, ஆண்டு இருக்கிறது, தோட்டத்து மாளிகையின் படம்கூட இருக்கிறது. உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியல் மட்டும் இல்லை!

இது மறதியால் நேர்ந்ததன்று. சட்டமே கொடுத்த சலுகை. உணவுப் பண்டங்களில் கலந்துள்ளவற்றைப் புட்டியிலும் பொட்டலத்திலும் எழுதியாக வேண்டும் என்று ஐரோப்பிய யூனியன் 2011ல் ஒரு பொதுச் சட்டம் செய்தது. செய்த கையோடு, 1.2 சதவிகிதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள பானங்களுக்கு விலக்கும் அளித்தது. பாலுக்கு ஒரு நீதி, பானத்துக்கு ஒரு நீதி!

ஏன் இந்தத் தனி மரியாதை? கேட்டால், ஒயின் வெறும் சரக்கன்று, அது மண்ணின் மணம், கதிரவனின் கொடை, பாட்டன் பூட்டன் விட்டுச்சென்ற கலை என்று கவிதை பாடினார்கள். பாடட்டும். ஆனால் அந்தக் கலையின் பின்கட்டில் கந்தக டை-ஆக்ஸைடு உண்டு. டார்டாரிக் அமிலம் உண்டு. அரபுக் கோந்து உண்டு. கலங்கலைத் தெளிய வைக்க முட்டையின் வெண்கருவும் பால் புரதமும் பயன்படுவதுண்டு. இவையெல்லாம் சட்டம் அனுமதித்தவைதாம். நஞ்சு என்று நாம் சொல்லவில்லை. அனுமதி பெற்ற பொருளின் பெயரை அச்சிட ஏன் கூச்சம் என்பதுதான் நம் கேள்வி. சல்ஃபைட் இருக்கிறது என்ற ஒரு வரி 2005 முதலும், முட்டை, பால் பற்றிய வரி 2012 முதலும் புட்டியில் ஏறின. அவையும் ஒவ்வாமைக்காக ஏறியவையே.

குடிப்பவனின் நம்பிக்கை எப்படிப்பட்டது என்பதை ஐரோப்பா மறந்திருக்க முடியாது. 1985ல் ஆஸ்திரியாவில், மதுவுக்கு இனிப்பும் கனமும் கூட்ட டை-எத்திலீன் கிளைகால் என்னும் ரசாயனத்தைக் கலந்தது அம்பலமாயிற்று. மறு ஆண்டே, 1986ல், இத்தாலியில் மலிவு ஒயினில் மெத்தனால் கலந்தார்கள். 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பலர் பார்வை இழந்தனர். மாண்டவர்கள் வாங்கியது மாளிகை மதுவன்று, மலிவுச் சரக்கு என்பதைக் கவனியுங்கள். கலப்படக்காரன் தன் நஞ்சைத் தானே லேபிளில் எழுதுவானா என்று கேட்பீர்கள். எழுதமாட்டான், உண்மை. பட்டியல் ஒன்று கட்டாயமாக இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று வாதிட நாம் வரவில்லை. ஆனால், "எங்களை நம்புங்கள், உள்ளே பார்க்காதீர்கள்" என்று சொல்லும் உரிமை அந்த ஆண்டோடு இந்த வியாபாரத்துக்குப் போய்விட்டது என்போம்.

போயும், இன்னும் 37 ஆண்டு பிடித்தது! 2021ல் செய்த 2117ஆம் எண் சட்டப்படி, 2023 டிசம்பர் 8 முதல் உற்பத்தியாகும் ஒயினுக்குக் கலவைப் பட்டியலும் சத்து விவரமும் கட்டாயமாயின. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் சட்டத்தின் வாலில் ஒரு முடிச்சு இருக்கிறது. புட்டியின் மேல் கட்டாயமாக இருக்க வேண்டியவை ஒவ்வாமைப் பொருள்களும் கலோரி எண்ணும் மட்டுமே. மற்றவற்றைக் கியூஆர் கோடுக்குள் வைத்துக்கொள்ளலாம். கடையில் பணம் செலுத்தக் கைபேசியை நீட்டுகிறோமே, அதே கறுப்புக் கட்டம்தான்.

அந்தக் கட்டத்துக்குச் சில நல்ல கட்டுத்திட்டங்களும் போட்டார்கள். திறப்பவன் யார் என்று வேவு பார்க்கக் கூடாது. அந்தப் பக்கத்தில் விளம்பரம் வைக்கக் கூடாது. அதைச் செய்தவர்களைப் பாராட்டுவோம். ஆயினும் கைபேசி இல்லாத கிழவர் என்ன செய்வார்? அலைவரிசை எட்டாத நிலவறைக் கடையில் நிற்பவன் என்ன செய்வான்? பிஸ்கட்டுக்குக் கண் போதும்; மதுவுக்குக் கருவி வேண்டும் என்பது என்ன நியாயம்?

வேடிக்கை அதோடு முடியவில்லை. கட்டத்தின் அருகே 'ஐ' என்ற ஒற்றை ஆங்கில எழுத்தைப் போட்டு லட்சக்கணக்கில் லேபிள் அச்சடித்துவிட்டார்கள். சட்டம் அமலாக இரண்டே வாரம் இருக்கையில், நவம்பர் 24 அன்று, ஐரோப்பியக் கமிஷன் விளக்கம் வெளியிட்டது: 'ஐ' போதாது, உள்ளே இருப்பது கலவைப் பட்டியல் என்று சொல்லால் தெரிவிக்க வேண்டும். உடனே கூக்குரல்! இத்தாலி அரசு பழைய லேபிள்களைச் சில மாதம் ஓட்டிக்கொள்ள இடம் கொடுத்தது.

இதில் நாம் இருபக்கமும் பேசியாக வேண்டும். நாலு ஏக்கர் கொடி வைத்துக்கொண்டு குடும்பத்தோடு மது இறக்கும் சிறு விவசாயி, கடன் வாங்கி அச்சடித்த லேபிளைக் கிழித்தெறி என்றால் எங்கே போவான்? கடைசி நேரத்தில் வாய் திறந்த கமிஷனின் பிழைக்கு அவன் தலையில் ஏன் செலவு? அவனுக்காக வாதாடுவோம். ஆனால் கமிஷன் சொன்ன விஷயம் சரி. பூட்டிய பெட்டியின் மேல் பெட்டிக்குள் என்ன என்றாவது எழுதாவிட்டால், எவன் திறந்து பார்ப்பான்? 2025 மார்ச்சில் கமிஷனே, எல்லா நாட்டுக்கும் பொதுவான ஒரு குறியீட்டை வைத்துவிடலாம் என்று புது யோசனை கொண்டுவந்தது. மொழிக்கொரு லேபிள் அடிக்கும் செலவு குறையும்தான். சொல் போய் மறுபடியும் படம்!

கலோரி எண் மட்டும் புட்டியில் ஏறியதே, அதன் பலனைப் பாருங்கள். 12.5 சதவிகித ஒயின், 750 மில்லி புட்டி ஒன்றில் 500 கலோரிக்குக் குறையாது. ஒரு வேளைச் சாப்பாட்டின் கணக்கு! அச்சில் பார்த்த பிறகுதான் பலருக்கு அது உறைக்கும். பீருக்கும் விஸ்கிக்கும் இந்தச் சட்டம்கூடக் கிடையாது. 2011ன் சலுகை அவற்றுக்குத் தொடர்கிறது.

அச்செழுத்துக்கு வியாபாரம் எவ்வளவு அஞ்சுகிறது என்பதற்கு அயர்லாந்தைப் பாருங்கள். ஆல்கஹால் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியது 1988ல். அதை ஒவ்வொரு புட்டியிலும், கியூஆர் கோடுக்குள் அல்ல, கண்ணுக்குத் தெரியும்படி அச்சிட வேண்டும் என்று அயர்லாந்து 2023ல் விதி செய்தது. 2026 மே மாதம் அமலாக வேண்டியது. ஒயின் நாடுகளான இத்தாலி, பிரான்ஸ், ஸ்பெயின் எதிர்த்தன. 2025 ஜூலையில், உலக வர்த்தக நிலை சரியில்லை என்று காரணம் காட்டி, அயர்லாந்து அரசு அதை 2028 செப்டம்பருக்குத் தள்ளி வைத்தது. அதற்குள், நாள் வருமுன்பே எச்சரிக்கையை அச்சடித்துக்கொண்டு வந்த புட்டிகள் அந்நாட்டுக் கடை அடுக்குகளில் ஏறியிருந்தன.