சவூதியும் சிராங்கூன் சாலையும்

ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவில் கூடும் தமிழக ஊழியர்களில், முன்பு சவூதி அரேபியாவில் வேலை பார்த்தவர்களும் உண்டு. அங்கு விடுமுறை நாள் வெள்ளிக்கிழமை. கும்பிடப் பொதுக் கோயில் கிடையாது. மதுவுக்குக் கடும் கட்டுப்பாடு. இங்கு வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போகலாம். ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு, தேக்காவில் நண்பர்களைச் சந்திக்கலாம். ஆனால் 2013 டிசம்பர் 8 கலவரத்தை அடுத்து, 2015 முதல் லிட்டில் இந்தியாவின் பொது இடங்களில் வார இறுதியில் மது அருந்தத் தடையுண்டு.

வேலையில் வேற்றுமை அவ்வளவு இல்லை. சவூதியின் 'கஃபாலா' முறையில், முதலாளி சம்மதிக்காமல் வேலை மாறவோ ஊர் திரும்பவோ முடியாதிருந்தது. 2021 மார்ச்சில் அது தளர்த்தப்பட்டது. வீட்டுப் பணியாளர்களுக்கு அச்சலுகை தரப்படவில்லை. சிங்கப்பூரிலும் வேலை அனுமதி ஒரே முதலாளிக்கு உரியது. அனுமதிக் காலத்தின் நடுவே வேலை மாறப் பெரும்பாலும் அவரது ஒப்புதல் வேண்டும். வேலை போனால் அனுமதியும் போகும். முகவருக்காக வாங்கிய கடன் மட்டும் நிற்கும். சம்பளப் பாக்கியைப் பலர் வெளியே சொல்லத் தயங்குவது இதனால்தான்.

பத்தாம் வகுப்பு தேறாதவர் சவூதிக்கு வேலைக்குச் செல்ல இந்திய அரசின் குடியேற்ற அனுமதி வேண்டும். சிங்கப்பூர் அப்பட்டியலில் இல்லை. எனவே புறப்படுமுன் ஒப்பந்தத்தையும் சம்பளத்தையும் சரிபார்ப்பது அவரவர் பொறுப்பு. வந்தபின் கடப்பிதழைத் தம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும். சம்பளம் வராவிட்டால் தாமதிக்காமல் மனிதவள அமைச்சை நாட வேண்டும்.