கணினியில் ஒரு குவே லாப்பிஸ்

குவே லாப்பிஸ் செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? ஓர் அடுக்கு வெந்த பிறகுதான் அதன்மேல் அடுத்த அடுக்கை ஊற்றுவார்கள். அடியடுக்கின் நிறத்தை மாற்ற நினைத்தால், மேலுள்ள அனைத்தையும் மீண்டும் அவிக்க வேண்டும்.

2013இல் வெளிவந்த டாக்கர் மென்பொருளும் இப்படித்தான். ஒரு செயலியையும் அது இயங்கத் தேவையான கோப்புகளையும் அடுக்கடுக்காகச் சேர்த்து, ‘படிமம்’ எனும் ஒரே பொதியாக்குகிறது. முடிந்த அடுக்குகளைச் சேமித்து வைக்கும், இச்சேமிப்பே ‘கேஷ்’. அடுத்த முறை மாறாத அடுக்குகளை அப்படியே எடுத்துக்கொள்ளும். ஓர் அடுக்கு மாறினால், அதுவும் அதற்கு மேலுள்ளவையும் புதிதாக உருவாகும். ஆகவே, அரிதாக மாறும் துணை நிரல்களை முதலிலும், அடிக்கடி திருத்தும் நம் நிரலைக் கடைசியிலும் சேர்க்க வேண்டும்.

நிரலைத் திருத்தியதும் படிமத்தைத் தானாகவே உருவாக்கித்தரும் சேவைகளுள் ஒன்று கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ். அங்கே பொதுவாக ஒவ்வொரு முறையும் புதிய மெய்நிகர் கணினி கிடைக்கும். பழைய கேஷ் அதில் இருக்காது. அதனால் கேஷை வெளியே சேமித்து, வேலை தொடங்கும்போது மீட்டெடுக்க வேண்டும்.

ஆனால் கவனம்! ‘மென்பொருளைப் புதுப்பி’ என்ற கட்டளை வரி மாறாவிட்டால், டாக்கர் அதை மீண்டும் இயக்காமல் பழைய அடுக்கையே பயன்படுத்தும். இடையில் வெளிவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் படிமத்தில் சேராமல் போகலாம். எனவே, அவ்வப்போது கேஷ் இல்லாமலும் படிமத்தை முழுமையாக உருவாக்க வேண்டும்.